அலமாரி மூலைக்கு ஓடும் தக்ளிகள்

ஜூன் 3

அப்பாவுக்கு,

இது தொழில் கடிதம். நலம் விசாரிப்பு எதுவும் இதில் இருக்காது. பதிலிலும் வேண்டாம்.

நெசவுக்கூடத்தில் கையால் நூற்ற நூல் கேட்கிறார்கள். ஆறு பெண்களைச் சேர்த்து எங்கள் முன்னறையில் தினமும் மதியம் நூற்கக் கற்றுக்கொடுக்கிறேன். கடையில் வாங்கிய தக்ளிகள் சரியில்லை. ஒன்றில் தண்டு வளைசல், ஒன்றில் வட்டு ஆடுகிறது, இன்னொன்று பஞ்சை இழுக்கும்போதே கனத்தில் நூலை அறுத்துவிடுகிறது. ஆறு பேருக்கும் ஒரே மாதிரித் தக்ளி வேண்டும். எந்த மாதிரி என்று இன்னும் முடிவு செய்யவில்லை. மூன்று விதமாகக் கடைந்து அனுப்புங்கள், ஓட்டிப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறேன். கட்டில் கால் கடைகிறவரிடம் போய்த் தக்ளி கேட்பதா என்று யோசித்தேன். இந்தப் பக்கத்தில் வேறு கடைசல்காரர் இல்லை. அதனால்தான்.

பார்சலை நெசவுக்கூட விலாசத்துக்கு அனுப்புங்கள். வீட்டுக்கு வேண்டாம். உங்கள் கையெழுத்து அவருக்குத் தெரியும்.

இரண்டு வருஷம் ஆகிவிட்டது. நாங்கள் குடிவந்த அன்று, அவரோடு வேலை செய்கிற கொத்தனார்கள் எல்லோரும் கூடியிருக்கும்போது, அவர் தன் கையால் கட்டிய வீட்டை அண்ணாந்து பார்த்து, "என்ன மாப்பிள்ளை, வீடு பக்கத்து வீட்டோட ரகசியம் பேசுற மாதிரி சாய்ஞ்சு நிக்குது" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அவருக்கு முன்னாலேயே ஒவ்வொரு வேலை இடத்துக்கும் போய்ச் சேர்ந்தது. ஆறு மாதம் அவரை யாரும் சுவர் கட்டக் கூப்பிடவில்லை. ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் முடிந்திருக்கும். "கேலிக்குப் போய் யாராவது மன்னிப்பு கேப்பாங்களா" என்றீர்கள்.

தக்ளி மட்டும் அனுப்புங்கள்.

உங்கள் மகள்


ஜூன் 9

மதிப்புக்குரிய வாடிக்கையாளருக்கு,

நலம் விசாரிக்கக் கூடாது என்றாய், விசாரிக்கவில்லை. என் நலத்தை நானே சொல்லிக்கொள்ளத் தடை இல்லைதானே? பட்டறையில் சீவல் குவியலில் வழுக்கி விழுந்து வலது கால் முறிந்துவிட்டது. தொடை வரைக்கும் மாவுக்கட்டு. முப்பத்தொரு வருஷமாகக் கால் கால் என்று கடைந்துகொண்டிருக்கிறவனுக்குத் தன் கால் இரண்டைக் காப்பாற்றத் துப்பில்லை. உன் அம்மா, "கட்டிலுக்கு நாலு கால் வேணும், இவருக்கு எதுக்கு, உக்காந்த இடத்துல இருந்தே ஊரார் காலை வாருவாரு" என்று பார்க்க வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லி அனுப்புகிறாள். இரண்டு மாதம் கால் ஊன்றக் கூடாதாம். ஸ்டூலில் உட்கார்ந்துதான் உன் தக்ளிகளைக் கடைந்தேன்.

மூன்று இருக்கிறது. தண்டின் அடியில் எண் போட்டிருக்கிறேன். ஒன்றாவதற்கு வட்டு கீழே, நாற்பது கிராம். கனம் இருப்பதால் நிதானமாக, நெடுநேரம் சுற்றும். புதிதாகக் கற்கிறவர்கள் கைக்கு அடங்கும். ஆனால் நூல் தடியாகத்தான் வரும். இரண்டாவதற்கு வட்டு மேலே, உச்சியில் பித்தளைக் கொக்கி. தொடையில் வைத்து ஒரு தேய் தேய்த்துவிட்டால் பறக்கும். மூன்றாவது பதினெட்டே கிராம். பஞ்சுக்கு இதுதான் பொருத்தம் என்று என் மூளை சொல்கிறது. அந்த மூளை எட்டாம் வகுப்போடு நின்றது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்.

நல்ல தக்ளியைக் கண்டுபிடிப்பது சுலபம். நூலில் தொங்கவிட்டுச் சுற்று. அடிமுனை ஒரே புள்ளியில் நின்று சுற்றினால் எடுத்துக்கொள். முனை வட்டம் போட்டால் தண்டு கோணல், என் தலையிலேயே திருப்பி அடி.

அந்தப் பழைய விஷயத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். இரண்டாவது வரியிலேயே ஒரு கேலி வந்து நின்றது. கிழித்துப் போட்டுவிட்டேன்.

அப்பா
(பட்டறையின் முதலாளி, தொழிலாளி, நோயாளி)


ஜூன் 17

அப்பாவுக்கு,

காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசல்காரர் தேறினால்தான் சரக்கு வரும் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறு பேரும் மாற்றி மாற்றி ஓட்டினோம். ஒன்றாம் நம்பரைக் கையில் வாங்கியதும், நூற்க வருகிற எங்கள் தெருத் தையல்காரம்மா, "இதக் கட்டிக் கப்பலயே நிறுத்தலாம்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். இரண்டாவது வேகம், ஆனால் கற்றுக்குட்டிகள் கையில் முறுக்கு ஏறி நூல் சுருண்டுவிடுகிறது. மூன்றாவதுதான் எல்லோருக்கும் பிடித்தது.

ஆனால் மூன்றுக்கும் ஒரு குறை. நூல் அறுந்து தரையில் விழுந்தால் நிற்பதில்லை. பம்பரம் மாதிரி சுற்றிக்கொண்டே போய் அலமாரி இருக்கிற மூலையில் முட்டி நிற்கிறது. அறையில் யார் எங்கே உட்கார்ந்து நூற்றாலும் அந்த மூலைக்குத்தான். குட்டிக்கு இப்போது மூன்று வயது. இதைக் கண்டுபிடித்தது அவள்தான். மதியம் பெண்கள் வந்து உட்கார்ந்ததும் அவள் அந்த மூலைக்குப் போய், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு காத்திருக்கிறாள். "எனக்குத்தான் வரும்" என்கிறாள். அவளுக்குத்தான் வருகிறது. பெண்கள் சிரிக்கிறார்கள். முனை உடைகிற கவலை எனக்கு.

வட்டு ஒரு பக்கம் கனமாக இருக்கிறது போலிருக்கிறது. கடைசல் சரியில்லை. பார்த்துச் செய்யுங்கள்.

இங்கே மழை பிடித்துக்கொண்டது. பின்கதவு ஊறிப்போய் மூட மறுக்கிறது. அவர் இரண்டு தடவை இழைத்துவிட்டார்.

உங்கள் மகள்


ஜூன் 22

வாடிக்கையாளருக்கு,

உன் கடிதம் வந்ததும் உன் அம்மாவை எண்ணச் சொல்லிவிட்டு, உனக்கு அனுப்பியதற்கு ஜோடியாகக் கடைந்து என்னிடம் வைத்திருந்த தக்ளிகளைப் பத்துப் பத்து முறை தரையில் போட்டேன். பத்து முறைக்குப் பத்துத் திசை. ஒன்று என் மாவுக்கட்டுக்குள்ளேயே நுழையப் பார்த்தது. ஒரே மூலைக்கு ஒன்றும் போகவில்லை. "உங்க கை நடுங்குது, ஒத்துக்கோங்க, அவளுக்கு அனுப்பினது மட்டும் கோணலா இருந்திருக்கும்" என்றாள் உன் அம்மா. இருக்கலாம். இந்த வீட்டில் என்ன கோணலானாலும் அது என்னில் தொடங்கும் என்பது நாற்பது வருஷமாக நிரூபிக்கப்பட்ட விஷயம். கண்ணாடியை மாற்ற வேண்டும்.

ஆகவே நாலாவது ஒன்று அனுப்புகிறேன். அதே பதினெட்டு கிராம், ஆனால் வட்டு சதுரம். சுற்றும்போது வித்தியாசம் தெரியாது. விழுந்தால் விழுந்த இடத்திலேயே கிடக்கும், உன் அப்பா மாதிரி. மூலைகளை மழுக்கியிருக்கிறேன், குட்டி கையில் குத்தாது.

குட்டி கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதை இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தபோது நடக்கவே தெரியாது அவளுக்கு.

அப்பா


ஜூலை 1

அப்பாவுக்கு,

சதுர வட்டு நன்றாக இருக்கிறது. விழுந்தால் அசைவதில்லை. இதையே தேர்ந்தெடுத்துவிட்டோம். இதே மாதிரி ஆறு வேண்டும். குட்டிக்கு மட்டும் பிடிக்கவில்லை. ஒரு வாரமாகக் கையை விரித்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தாள். ஒன்றும் வராததால் தையல்காரம்மாவோடு சண்டை போட்டாள். மூன்றாம் நம்பரை அவளுக்கே விளையாடக் கொடுத்துவிட்டேன்.

ஒரு சின்னக் குறை மட்டும். முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவில் உள்ள கதவு நிலையில் நின்றுகொண்டுதான் நான் நூற்பேன். வெளிச்சம் அங்கேதான். தக்ளியை நூலோடு தொங்கவிட்டால் நிலைச் சட்டத்தை ஒட்டி நேராக இறங்க மாட்டேன் என்கிறது. மேலே ஒரு விரல் இடைவெளி, கீழே மூன்று விரல். தண்டு கோணலோ? ஆறையும் கடையும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

மழை விடவே இல்லை. அலமாரிக்குப் பின்னால் சுவரில் முடி அளவு ஒரு கீறல் இருந்தது. அவர் பூசி, வர்ணம் அடித்து, மேலே காலண்டர் மாட்டியிருந்தார். போன வாரம் அது காலண்டருக்குக் கீழேயும் எட்டிப் பார்த்தது. பெரிய காலண்டராக ஒன்று வாங்கி வந்திருக்கிறார்.

அம்மாவை ரொம்பக் கேட்டதாகச் சொல்லுங்கள். இது தொழில் சம்பந்தமில்லாதது.

உங்கள் மகள்


ஜூலை 5

அம்மாடி,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். ஆறு தக்ளியை ஓரமாக வைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

தண்டு கோணலாக இருந்தால் தண்டுதான் ஆடும். அதற்கு மேலே இருக்கிற நூல் நேராகத்தான் தொங்கும். தொங்குகிற நூலைக் கோணலாக்குகிற அளவுக்கு மோசமான கடைசல்காரன் இன்னும் பிறக்கவில்லை, நான் உள்பட. சுவர் கட்டும்போது நேராக வருகிறதா என்று மாப்பிள்ளை நூலில் தூக்குக்குண்டு விட்டுப் பார்ப்பாரே, நீ தினமும் கையில் பிடித்துக்கொண்டு நிற்பது அதைத்தான்.

நூல் கோணல் இல்லை என்றால் கோணலாக இருப்பது நிலை. மூன்று தக்ளியும் ஒரே மூலைக்கு ஓடியது வட்டினால் இல்லை. அந்த மூலை தாழ்ந்திருக்கிறது. கதவு மழையில் ஊறவில்லை, நிலை அதை நெருக்குகிறது. நீ எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எனக்கு எழுதியிருக்கிறாய். நான் என்ன செய்தேன்? தக்ளி ஓடாமல் இருக்கச் சதுர வட்டு கடைந்து அனுப்பினேன். மூன்று தக்ளி வந்து சொன்னதை, நாலாவதை அனுப்பி அவற்றின் வாயை மூடினேன்.

என் தக்ளியை நம்பாதே. ஒரு பூட்டை நூலில் கட்டி அதே நிலையின் உச்சியில் ஆணி அடித்துத் தொங்கவிடு. ஆடி அடங்கினதும் நூல் நிற்கிற இடத்தில், கீழ்ச்சட்டத்தில் பென்சிலால் கோடு போடு. மூன்று நாள் கழித்து அதே ஆணியில், அதே பூட்டு. கோட்டிலேயே நின்றால் பழைய சாய்வு. அதோடு போகட்டும், நான் கிழட்டு முட்டாள் என்று எழுதிவிடு, சந்தோஷமாகப் படிக்கிறேன். கோட்டைத் தாண்டினால் உடனே எழுது.

மாப்பிள்ளையிடம் என் பெயரைச் சொல்லாதே. சொன்னால் நிலையைப் பார்க்க மாட்டார், என்னைத்தான் பார்ப்பார்.

அப்பா


ஜூலை 10

அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் அப்படி ஒரு கோபம் வந்தது. இரண்டு வருஷம் கழித்துத் தக்ளி வழியாக வந்து அதே கேலியைச் சொல்கிறார் பாரு என்று. உங்களைப் பொய்யாக்க வேண்டும் என்றுதான் அன்று மதியமே பூட்டைக் கட்டினேன்.

மேலே ஒரு விரல். கீழே மூன்று விரல். அதேதான். கோடு போட்டேன்.

இன்று காலை அவர் வேலைக்குப் போனபிறகு மறுபடி தொங்கவிட்டேன். கோட்டுக்கும் நூலுக்கும் நடுவில் ஒரு தீக்குச்சி நிற்கும். என் கைதான் பிசகியிருக்கும் என்று மூன்று முறை கட்டிப் பார்த்தேன். குட்டி, "என்னம்மா விளையாடுற?" என்று கேட்டாள். அவள் அந்த மூலையில்தான் உட்கார்ந்திருந்தாள்.

இந்தத் தெரு முழுவதும் முன்பு செங்கல் சூளைக்கு மண் எடுத்த பள்ளமாம். குப்பையும் மண்ணும் கொட்டி நிரப்பி மனை போட்டிருக்கிறார்கள். அதனால்தான் மலிவாகக் கிடைத்தது. தையல்காரம்மா இன்றைக்குத்தான் சொன்னார். அவருக்குத் தெரிந்தது இவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று யோசிக்கிறேன். யோசிக்கவும் பயமாக இருக்கிறது.

அப்பா, நான் என்ன செய்யட்டும்?


ஜூலை 14

அம்மாடி,

நெசவுக்கூடத்துக்குத் தந்தி அடித்திருக்கிறேன். இந்தக் கடிதம் அதற்குப் பின்னால் வரும். தந்தியில் 'வீட்டை விட்டு வெளியே வா' என்று மட்டும்தான் இருக்கும். காரணம் எழுதாதது வார்த்தைக்குக் காசு என்பதால் இல்லை, தபால் ஆபீஸ்காரர் சிரிப்பார் என்பதால். ஏற்கெனவே என் பெயரைப் படித்ததும் சிரித்துவிட்டார். இந்த ஊரில் என்னிடமிருந்து வருவது எதுவும் வேடிக்கைதான். அப்படித்தான் வளர்த்து வைத்திருக்கிறேன்.

குட்டியைத் தூக்கிக்கொண்டு நெசவுக்கூடத்துக்குப் போ. பெண்கள் யாரையும் முன்னறையில் உட்கார வைக்காதே. பெட்டி, பாத்திரம், பஞ்சு எதையும் யோசிக்காதே.

மாப்பிள்ளையையும் கூட்டிக்கொண்டு போ. எப்படிக் கூட்டுவது என்று எனக்குத் தெரியவில்லை. நிரப்பின பள்ளத்தில் தண்ணீர் இறங்கினால் என்ன ஆகும் என்று அவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை.

அப்பா


ஜூலை 18
நெசவுக்கூடம்

அப்பாவுக்கு,

தந்தி வந்த அன்றே வந்துவிட்டோம். நூல் அடுக்கி வைக்கிற கிட்டங்கியில் ஒரு மூலை கொடுத்திருக்கிறார்கள். பெண்களும் இங்கேதான் வந்து நூற்கிறார்கள். அவர் வரவில்லை.

தந்தியை அவரிடம் காட்டினேன். மறைத்து என்ன பிரயோசனம்? கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. "உங்க அப்பா ரெண்டு வருஷம் முன்னாடி சிரிச்சுட்டே சொன்னாரு, இப்ப சிரிக்காம சொல்றாரு, அவ்வளவுதான" என்றார். நான் கோட்டைக் காட்டினேன். குனிந்து, ரொம்ப நேரம் பார்த்தார். அப்போது அவர் முகத்தைப் பார்த்தேன் அப்பா. அவருக்குத் தெரியும்.

"தெரிஞ்சும் ஏன் உள்ளயே படுக்குறீங்க?" என்று கேட்டேன்.

"நானே வெளிய வந்து படுத்தா, அப்புறம் எவன் என்னக் கூப்பிட்டு ஒரு செங்கல் எடுத்துக் குடுப்பான்? உங்க அப்பா சொன்னது கேலியாவே இருக்கட்டும். நெசமாக்கிட்டு நான் வெளிய வர முடியாது."

கடைசியில் ஒரு உடன்பாட்டுக்கு வந்திருக்கிறோம். குட்டியிடம் இருந்த மூன்றாம் நம்பர் தக்ளியை வாங்கி, அவரே நிலையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டிருக்கிறார். "உங்க அப்பா தக்ளியே சாட்சி சொல்லட்டும்" என்றார். புதிதாக ஒரு கோடும் போட்டிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் போய் அளக்க வேண்டும். நகர்ந்திருந்தால் அவர் வெளியே வருவார். நகராவிட்டால் நாங்கள் திரும்பிப் போக வேண்டும். என் கையால் அளந்தால்தான் ஒத்துக்கொள்வாராம்.

குட்டி தினமும் அவள் மூலையைக் கேட்டு அழுகிறாள். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போகிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

மழை இன்னும் பெய்துகொண்டுதான் இருக்கிறது.

உங்கள் மகள்


ஜூலை 23, சனிக்கிழமை
பாலத்துக்கு இந்தப் பக்கம்

அம்மாடி,

உன் கடிதம் நேற்று வந்தது. உடனே ஒரு மர லாரியில் தேக்குக் கட்டைகளோடு கட்டையாகக் கிளம்பிவிட்டேன். பாலத்தின் மேல் தண்ணீர் போகிறது, வண்டி எதையும் விடவில்லை. போனும் தந்தியும் மழையில் படுத்துவிட்டன. மேலே ஒரு மைல் நடந்தால் ரயில் பாலம் இருக்கிறது, நடந்து கடக்கலாம் என்கிறார்கள். நான் மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினேன், சொன்னவர் வாயை மூடிக்கொண்டார். தபால்காரர் ஒருவர் அந்த வழியாகப் போகிறார். அவரிடம்தான் இதைக் கொடுக்கிறேன். நாளை காலைக்குள் நெசவுக்கூடத்தில் கொடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கிறார். நான் எதுவும் கேலி பேசவில்லை. அதனால் நம்பினார்.

நாளைக்கு அளக்கப் போகாதே. நகர்ந்ததா இல்லையா என்று தெரிந்துகொள்ள நிலைக்குக் கீழே போய் நிற்க வேண்டும். அங்கே நிற்கக் கூடாது என்பதுதான் விஷயமே. குட்டி அழுதால் அழட்டும்.

மாப்பிள்ளையை வெளியே கொண்டுவர ஒரு வழி யோசித்திருக்கிறேன். இதோடு இன்னொரு கடிதம் மடித்து வைத்திருக்கிறேன், அது அவருக்கு. இரண்டு வருஷம் முன்னால் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு. அன்றைக்கு அந்த வீடு நேராகத்தான் இருந்தது, பொய் சொன்னது என் வாய் என்று எழுதியிருக்கிறேன். தூக்குக்குண்டு பிடித்த மாதிரி அவர் நேராகக் கட்டிய சுவரை அடியில் இருந்த மண்தான் ஏமாற்றியது, மண்ணைக் கொட்டியது அவர் இல்லை என்று எழுதியிருக்கிறேன். அன்று சிரித்தவர்கள் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்களோ அத்தனை பேர் வீட்டுக்கும் இந்த மாவுக்கட்டோடு போய் இதையே சொல்வேன் என்றும் எழுதியிருக்கிறேன். எல்லாம் நிஜம். லாரியில் உட்கார்ந்து எழுதியதால் எழுத்து மட்டும் ஆடுகிறது.

தையல்காரம்மாவையும் மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு போ. தெருவின் எதிர்ப்பக்கம், விளக்குக் கம்பத்துக்கு அந்தப் பக்கம் நின்றுகொள். அங்கிருந்து அவரைக் கூப்பிடு. உங்க மாமனார் மன்னிப்புக் கேட்டு எழுதியிருக்கிறார், எல்லோர் முன்னாலும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார் என்று சொல். அதைக் கேட்க அவர் வெளியே வருவார். இரண்டு வருஷமாக அதற்காகத்தான் உள்ளேயே நிற்கிறார். வாசலில் நின்று கேட்கிறேன் என்றால் விடாதே. காது கேட்கவில்லை, பக்கத்தில் வாங்க என்று சொல். கடிதம் ஆறு பக்கம். மெதுவாக வாசி. வாசித்து முடித்ததும் முதலிலிருந்து மறுபடி வாசி. நான் வந்து சேரும்வரை வாசித்துக்கொண்டே இரு.

தக்ளி அங்கேயே தொங்கட்டும். அதை எடுக்க யாரும் உள்ளே போக வேண்டாம். குட்டிக்கு வேறு ஒன்று கடைந்து தருகிறேன்.

அப்பா